விண்டோஸ் 10 வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

கொஞ்ச நாளாகவே கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமே, புது சிஸ்டம் வாங்கணுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறோம்.

2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்காக உங்கள் கணினி நின்றுவிடாது, எப்போதும் போல ஆன் ஆகும், பிரிண்ட் எடுக்கும், படம் ஓடும். நின்றவற்றில் முக்கியமானது பாதுகாப்பு அப்டேட்: இனிமேல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் வர மாட்டார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியை அப்படி விடாதீர்கள். வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

சரி, விண்டோஸ் 11 ஏறுமா? செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற இடத்துக்குப் போய் பிராசஸர் பெயரைப் பாருங்கள். இன்டெல் என்றால் ஐ3, ஐ5-க்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். ஐ5-7200 என்றால் அது ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். ஐ3-10100 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அப்படியிருந்தும் "இந்தக் கணினி பொருந்தாது" என்று திரையில் வருகிறதா? பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்ஸில்) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும், ஆன் செய்தால் போதும். இந்த ஒரு சின்ன விஷயத்துக்காக நல்ல கணினியைப் பழைய பொருள் விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

ஏறாத கணினிகளுக்கு நாங்கள் மனதாரச் சொல்வது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இன்னொரு இயங்குதளம். காசு கிடையாது, லைசென்ஸ் தொல்லை இல்லை. இப்போதுள்ள 22-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, வைஃபை எல்லாம் பழகிய இடத்திலேயே இருப்பதால் பெரியவர்கள்கூட இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை, அரசு கொடுத்த மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் செய்ததுதான். பென்டிரைவில் இருந்தே மின்டை ஓட்டிப் பார்க்கலாம், உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. கடைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் போடலாம்.

எல்லாருக்கும் அது சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்களும் அப்படியே. சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படுத்தும், அதனால் மாடல் பெயரைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் பிள்ளைகள் படிக்க, யூடியூப் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப, கடிதம் அடிக்க என்றால் மின்ட் தாராளமாகப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். "ஆக்டிவேட்டர் போட்டு விண்டோஸ் போட்டுத் தாங்க" என்று கேட்காதீர்கள், லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை ஓட்ட வைக்கிற அந்தத் திருட்டு மென்பொருளைப் போட மாட்டோம். அந்த மென்பொருளை ஓட்டவே முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே யார் வந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த சிஸ்டம் போட்டாலும் அதற்கு முன்னால் உங்கள் கோப்புகள். வேறொரு இடத்தில் ஃபார்மட் போட்ட லேப்டாப்பை ஒரு அம்மா எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. "டி டிரைவைத் தொடலைன்னுதானே சொன்னாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டெஸ்க்டாப்பும், டவுன்லோட்ஸும், டாக்குமென்ட்ஸும் ஃபார்மட்டில் அழிகிற சி டிரைவில்தான் இருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதில் இருந்தது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்) என்பதால் அழிந்ததை மீட்கவும் வழியில்லை. அவர் அந்த லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து, வெளியே ஒரு பிரதி எடுத்து, அதில் நாலைந்து படங்களைத் திறந்து காட்டி, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் நாங்கள் ஃபார்மட் போடுகிறோம். நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மின்தடை இல்லாத நேரம் பார்த்து அப்டேட் போடுங்கள். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில் ஓடுகிற கணினி என்றால் ஒரு எஸ்எஸ்டி மாற்றினாலே ஹேங் ஆவது பெரிதும் குறையும், புது சிஸ்டம் கேட்டு வந்த எத்தனையோ பேரை அதோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம். அப்புறம், எந்த இணையதளம் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று வந்தால் பயப்படாமல் முதலில் தேதியைப் பாருங்கள். பழைய ஏதோ ஒரு வருடம் காட்டினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக இருக்கும், விலையும் சொற்பம்.

வரும்போது சார்ஜர், பிரிண்டர் மாடல் பெயர், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு மூன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். முடிந்தால் மாலையில் வாருங்கள், காலையில் கூட்டம் அதிகம், உட்கார்ந்து பேச முடிவதில்லை.