லண்டன் சென்ட் போத்தலைப் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு நீங்கள் வரும்போது கொண்டுபோவதற்காக 'எவ்லின் ரோஸ்' போத்தலை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தீர்கள். எடுத்துவைப்பதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதை வாசிப்பார்கள். நான் சுருக்கிச் சொல்லும் இடங்களை நீங்கள் விரித்துக்கொள்ளுங்கள்.

2002இல், சமாதான காலத்தில், ஊருக்கு வந்தவர்களிடம் நீங்கள் அந்தப் போத்தலைக் கொடுத்தனுப்பியபோது, ரோசா வாசனை என்றால் எனக்குத் தெரிந்தது கலியாண வீட்டு வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீர் மட்டுந்தான். இது பன்னீரைப் போலவே இருக்கவில்லை. விசிறியவுடன் பழுத்த பழத்தின் தோலை நகத்தால் கீறியது போன்ற இனிப்பு. அரை மணித்தியாலத்தில் அது அடங்கி, பால் விடாத தேநீரின் மெல்லிய கசப்பு. மாலையில், வியர்வை காய்ந்த சட்டைக் கையில் மட்டும், நனைந்த இதழின் பச்சை மணம். டேவிட் ஒஸ்டின் என்ற ஆங்கிலேய ரோசா வளர்ப்பாளர் 1991இல் அறிமுகப்படுத்திய, இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த 'எவ்லின்' ரோசாவின் வாசனையைத் தழுவியது அது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அந்த நிறத்தைப் படத்தில் பார்த்த கணத்தில், பழம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது.

அம்மா அதை அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் வரும்போது பாவிப்பதற்கு என்றார். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூடியைத் திறந்து மணந்துவிட்டு, ஒரு துளிகூடப் போடாமல் மூடிவைப்பார். நான் போட்டேன், அக்கா. உயர்தர வகுப்புக்குப் போகும் நாட்களில், அலுமாரிச் சாவி தலையணைக்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்து, மணிக்கட்டில் ஒரு விசிறல். யாருக்காக என்பதை இங்கே எழுத மாட்டேன். எட்டு மாதத்தில் போத்தலின் தோள்வரை இருந்தது இடுப்புக்கு இறங்கிவிட்டது.

அதை நிரப்ப நான் கண்ட வழி, காத்தான்குடியில் வாங்கிய ஒரு போத்தல் பன்னீர். ரோசாவுக்கு ரோசா என்று நினைத்தேன். விசிறும் தலையைத் திருகிக் கழற்றி, மருந்து ஊற்றும் சின்னப் புனலால் ஊற்றினேன். பொன்னிறமாகத் தெளிந்திருந்த திரவம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தேங்காய்ப்பாலின் கடைசிப் பிழிவைப் போல வெளுத்துப்போனது. குலுக்கினால் தெளியும் என்று குலுக்கினேன், இன்னும் வெளுத்தது.

அடுத்த தைப்பொங்கலன்று அம்மா போத்தலை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். அதை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"என்ன மகள், இது இப்பிடிக் கலங்கிக் கிடக்கு?"

"வெக்கைக்கு அப்பிடித்தான் வரும், அம்மா."

அம்மா மூடியைத் திறந்து மணந்தார். அதில் பன்னீர்தான் மணத்திருக்க வேண்டும். என்னை ஒருமுறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பூட்டிவைத்தார். அதற்குப் பிறகு சாவி தலையணைக்குக் கீழே இருக்கவில்லை.

இன்று மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். வாசனை எண்ணெய்கள் மதுசாரத்தில் கரைந்திருக்கும், தண்ணீர் கூடினால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து திரவத்தை வெண்மையாக்கும் என்று கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு வருடமும் எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வருகிறது. பன்னீரின் மணத்தில் பெரும்பங்கு நீரில் ஓரளவு கரையக்கூடிய பினைல் எத்தில் அல்கஹோல். அந்தப் பழமும் தேநீரும் அதில் இருக்க முடியாது. ரோசாவுக்கு ரோசா சரியாகாது என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்களுடைய போத்தல் என்று நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கொடுத்தனுப்பியவர் நீங்கள், அதைத் தூசு தட்டியவள் நான். கடைசி இரண்டு வருடங்களில் அம்மாவுக்கு முதுகு துடைத்து, பவுடர் போட்டு, துவாயில் ஓடிக்கொலோன் நனைத்து வைத்தவளும் நான். நீங்கள் அழைப்பெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மணந்தது அந்த ஓடிக்கொலோனைத்தான். இதை உங்களைக் குற்றஞ்சாட்ட எழுதவில்லை; விசா, வேலை, பிள்ளைகள் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

அந்தச் சென்டைச் செய்த 'கிராப்ட்ரீ அன்ட் எவ்லின்' கம்பனி தன் கடைகளில் பெரும்பாலானவற்றை 2019 அளவில் மூடிவிட்டது, இந்த வாசனையும் இப்போது இல்லை என்று நீங்கள் சொன்னபோது, புதிய போத்தலொன்றை வாங்கி வைத்துவிடலாம் என்ற என் கடைசித் திட்டமும் போய்விட்டது.

போத்தல் மேல்தட்டில்தான் இருக்கிறது. பால் நிறம் மங்கி, கழுத்தருகே மஞ்சள் வளையமாக எண்ணெய் ஒட்டியிருக்கிறது. நேற்று மூடியை மட்டும் திறந்து பார்த்தேன். பன்னீர் ஏறக்குறைய போய்விட்டது, அந்த வளையத்தில் பழத்தின் மணம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வந்து நீங்களே மணந்து பாருங்கள். குலுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
அமிர்தகழி, மட்டக்களப்பு