மாமா, நீங்கள் கேட்ட சம்பளக் கணக்கு

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய் கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் நின்று கேட்டீர்கள்: "ஏம்மா, இந்த மெட்டீரியல்ஸ் இன்ஜினியருக்கு எவ்வளவுதான் சம்பளம் கொடுக்கிறான்?" நான் "நல்லாத்தான் கொடுக்கிறாங்க மாமா" என்று மழுப்பிவிட்டுப் பாயசம் தேடிப் போய்விட்டேன். உங்கள் மகளுக்கு நான் படித்த அதே மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் (உலோகம், பிளாஸ்டிக் போன்ற பொருள்களின் குணத்தைப் பார்க்கும் பொறியியல்) படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்பது பிறகுதான் அத்தை சொல்லித் தெரிந்தது. வெட்கமாகிவிட்டது. அதனால் இந்தக் கடிதம். மற்ற அப்பாக்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மகள் கைப்பேசியில் உங்களுக்குக் காட்டிய அமெரிக்கச் சம்பளத் தொகை பொய்யில்லை. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 2024 மே மாதக் கணக்கில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்களின் நடு ஊதியம் வருடத்துக்கு 108,310 டாலர் என்று போட்டிருக்கிறது. நம் மலேசியக் காசில் மாதம் சுமார் முப்பத்தைந்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஆனால் நடு ஊதியம் என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள். அதுவும் பல வருடம் வேலை பார்த்தவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு, அந்த ஊர் வீட்டு வாடகையோடு பார்க்க வேண்டிய கணக்கு. நம் கெடா மாநிலத்துக் கூலிமில் அந்தக் காசு கிடைக்காது.

இங்கே என்ன கிடைக்கும்? என் சம்பளத்தையே சொல்லிவிடுகிறேன். 2012-இல் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது 2,300 வெள்ளி. அதில் இபிஎஃப் (சேமநிதி) 253 வெள்ளி போய்விடும், சொக்சோவுக்கு (தொழிலாளர் காப்புறுதி) சில்லறை, அப்புறம் பிடிபிடிஎன் (அரசு உயர்கல்விக் கடன்) தவணை. அம்மாவிடம் 500 கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டினால் மாதக் கடைசியில் ரொட்டி சானாய்தான். இப்போது எங்கள் பிரிவில் போன வருடம் சேர்ந்த பையனுக்கு 3,200. பதின்மூன்று வருடத்தில் அவ்வளவுதான் ஏறியிருக்கிறது, விலைவாசி எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் மூத்தவன் டெக்னீஷியன்தானே. அடிப்படை 2,000 என்று வைத்துக்கொள்வோம். இருபத்தாறு நாளால், பிறகு எட்டு மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டால் ஓவர்டைம் மணிக்கு 14 வெள்ளி சொச்சம். மாதம் 80 மணி நேரம் செய்தால் மொத்தம் 3,150-ஐத் தொட்டுவிடுவான். ஷிப்ட் அலவன்ஸ் தனி. நாலு வருடம் படித்துவிட்டு வருகிற தங்கச்சி முதல் இரண்டு மூன்று வருடம் அண்ணனைவிடக் குறைவாகக்கூட வாங்கலாம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, அப்போது யாரும் மூஞ்சியைத் தூக்க வேண்டியதில்லை. இன்னொன்று: 2023-இலிருந்து, உடலுழைப்பு வேலை இல்லையென்றால், மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்குச் சட்டப்படி ஓவர்டைம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ராத்திரி பத்து மணி வரை ஓசியில் உட்கார்ந்திருந்த கதை என்னிடமே உண்டு.

அப்படியானால் எதற்கு அந்தப் படிப்பு என்பீர்கள்.

நீங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வாளியில் அமோனியா விட்டிருக்கிறீர்கள். விடாவிட்டால் ஸ்டோருக்குப் போவதற்குள் பால் கட்டிவிடும். கட்ட வேண்டிய நேரத்தில் ஆசிட் ஊற்றுவார்கள். ஒரு பொருள் எப்போது உறையும், எதனால் உடையும், எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் என் வேலையும். எங்களிடம் பாலுக்குப் பதில் சிப் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு தொகுதி சிப் முழுக்க விரிசல் விட்டது. மெஷின்காரர் சப்ளையரைத் திட்டினார், சப்ளையர் எங்களைத் திட்டினார். வெட்டி, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் மூன்று நாள் பார்த்தேன். கடைசியில் காரணம் ஈரம்! உறை பிரித்த சிப்புகளை வெளியிலேயே வைத்துவிட்டார்கள். சிப்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிட்டது. சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் சூட்டடுப்பில் போனதும் அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்து வெடித்துவிட்டது, சோளம் பொரிகிற மாதிரி. இதைத் தொழிலில் பாப்கார்ன் என்றே சொல்கிறார்கள். ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு வந்த கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு ஏற ஏற இந்தத் தொல்லையும் ஏறியது. இந்த மாதிரி "ஏன்" என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு ஐந்தாறு வருடம் கழித்துத்தான் விலை கிடைக்கிறது.

ஆனால் அந்த விலையைக் கேட்டு வாங்க வேண்டும் மாமா, நான் எழுத வந்ததே இதைத்தான். தோட்டத்தில் சம்பளத்தன்று கிராணி (கணக்கர்) பெயரைக் கூப்பிட்டு, தொகையை எல்லோர் காதிலும் விழும்படி படிப்பார். அம்மா எத்தனை கிலோ பால் எடுத்தாள், மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கு எவ்வளவு வந்தது என்று பக்கத்து வீட்டுக்கே தெரியும். குறைந்தால் அங்கேயே சண்டை. எங்கள் ஆபீஸில் சம்பளம் என்றால் கிசுகிசு மாதிரி. 2017-இல் நான் 3,700 வாங்கிக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த, அதே வேலை பார்த்த நண்பனுக்கு 4,600. கெட்டிக்காரத்தனத்தில் வித்தியாசமில்லை. சேரும்போது அவன் கேட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்கு 4,900-க்கு மாறினேன். இப்போது 8,200. இதையும் மழுப்பத்தான் அன்று பாயசம் பக்கம் ஓடினேன் என்று நினைக்கிறேன். பழக்க தோஷம்.

சிங்கப்பூர் பற்றியும் கேட்பீர்கள். அங்கே எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலர் சம்பளம் இருக்க வேண்டும், வயது கூடினால் தொகையும் கூடும். அந்தச் சம்பளத்தைப் படித்து முடித்த கையோடு சுலபமாக யாரும் நீட்டிவிடுவதில்லை. நாலு வருட அனுபவத்தோடு போனவர்கள் என் வகுப்பிலேயே ஐந்து பேர். திரும்பி வந்தவர் ஒருவர்தான், அதுவும் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால்.

ரப்பர் கையுறைக் கம்பெனிகளில் வேலை கிடைக்கும் என்று நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். கொரோனா சமயத்தில் போனஸை அள்ளிக் கொடுத்தவர்கள் 2022-க்குப் பிறகு ஆட்களைக் குறைத்தார்கள்.

அவளுக்கு இடம் கிடைத்தது யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றால் அதன் பொறியியல் வளாகம் நிபோங் தெபாலில்தான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து அத்தை சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், பிடிபிடிஎன் கடனிலிருந்து விலக்குக் கேட்கலாம், அதை மட்டும் அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். 2012 முதல் இன்றுவரைக்குமான சம்பளச் சீட்டுகள் ஒரு பைலில் இருக்கின்றன. நீங்களும் அவளும் ஒரு ஒரு தாளாகப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். இந்தத் தடவை மழுப்ப மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்