அந்த நான்கு திகதிகளை அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2019 ஏப்ரல் 21இல் இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த உயிர்த்த ஞாயிறு தற்கொலைத் தாக்குதல் பற்றிய தலையங்கத்தில், அதற்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைக் குறித்து, 'கடுமையான சட்டம் இல்லாததால்தான் சஹ்ரான் கும்பல் கைமீறிப் போனது' என்று எழுதியிருந்தீர்கள். தங்களுக்குத் தெரியாத விஷயமல்ல இது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கிறது. அமைச்சர் கையொப்பமிட்டால் குற்றப்பத்திரமின்றி 18 மாதம் வரை அடைத்துவைக்க அன்று இடமிருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். இதைவிட என்ன கடுமை வேண்டும்? சஹ்ரானுக்குப் பிடியாணையும் இருந்தது. அவரைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். அவர்களையும் தலையங்கம் மறந்துவிட்டது.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி, தாக்குதல் திட்டம் பற்றிய இந்தியத் தகவல் அரச புலனாய்வுச் சேவைக்கு வந்தது. 7ஆம் திகதி தேசிய புலனாய்வுப் பிரதானிக்கும், 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்கும் போனது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர், சந்தேகநபர்களின் பெயர் விலாசத்தோடு கடிதம் எழுதினார். அதில் கத்தோலிக்க தேவாலயங்கள் இலக்கு என்றே இருந்தது. ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்தது பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு. பின்னர் தாக்கப்பட்ட கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போகவில்லை.

2018 ஒக்டோபருக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பொலிஸ் மா அதிபர் அழைக்கப்படவில்லை. சஹ்ரானைத் தேடிய பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைவர் அதே மாதம் வேறொரு வழக்கில் கைதாக, விசாரணையும் படுத்துவிட்டது. நவம்பரில் வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது முன்னாள் புலி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உண்மையான கொலையாளிகள் சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிந்தது ஏப்ரல் 21க்குப் பிறகு. ஜனவரியில் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருள் கிடைத்தும் யாரும் முடிச்சுகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

தாக்குதலுக்குப் பின் அதிகாரம் எங்கே பாய்ந்தது? சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைச் சிறையில் வைத்தார்கள்.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரையும் தலா 7.5 கோடியும் நட்டஈடு செலுத்தச் சொன்னது. சட்டம் போதவில்லை என்பதற்காக அல்ல, கையில் இருந்த தகவலுக்குச் செயற்படாததற்காக.

தாங்கள் மறுப்பு எழுத வேண்டாம். அடுத்த இதழில் அந்த நான்கு திகதிகளை மட்டும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்