முதுகு சாய ஒரு நாற்காலி

அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சிக் குழுவினருக்கும், இத்தனை மாதமாக எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு வலப்பக்கம் பலமும் பேச்சும் போனது எப்படி என்பது இதைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று அவர் கலைக்கூடத்துக்குப் போய், ஒரு மணி நேரம் ஓவியம் பார்த்துவிட்டு, களைத்துப்போய், ஆனால் தெளிந்த முகத்தோடு வீடு திரும்பினார். மனசில் இது சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கலைக்கூடங்களில் உட்கார இடம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் முதுகுச் சாய்வில்லாத நீளப் பெஞ்சுதான். அதற்குக் காரணம் உண்டு. சாய்வு இல்லையென்றால் எந்தப் பக்கம் திரும்பியும் உட்காரலாம், எதிர்ச் சுவரையும் மறைக்காது. நடமாட்டம் உள்ளவர்களுக்கு அது போதும். அப்பாவுக்குப் போதாது. வலப்பக்கம் பிடிமானம் இல்லாததால் சாய்வும் கைப்பிடியும் இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பு சரியத் தொடங்கும். நான் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோயில், கல்யாணம், வங்கி என்று எங்கே போனாலும் இப்போது என் கண் முதலில் தேடுவது நாற்காலியைத்தான்.

ஓவியம் பார்க்கும் இந்த இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யும் படிவத்தின் கடைசியில், 'நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது. இப்படி எத்தனையோ கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம். இருந்தாலும், 'அப்பாவுக்குச் சாய்ந்து உட்கார வேண்டும், வலப்பக்கம் பலமில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

முந்தின நாள் மாலை போன் வந்தது. முன்பதிவைக் கவனிக்கும் தம்பி. எடுத்த எடுப்பில், "அப்பா எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுவாங்க?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. இடக்கை என்றேன். இருக்கை தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவாரா, கைத்தடியை எந்தப் பக்கம் வைப்பார், கழிப்பறை எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். குரலில் துளி பரிதாபம் கிடையாது. மேடை போடுகிறவர் அளவு கேட்கிற மாதிரிதான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்தது.

நேற்று உள்ளே போனபோது, ஓவியத்துக்கு முன்னால் கைப்பிடி வைத்த, நல்ல உயரமான நாற்காலி ஒன்று நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாகப் போடப்பட்டிருந்தது. மேலே 'முன்பதிவு' என்று ஒரு தாள். தரையில் நாலு காலுக்கும் நாலு சின்ன ஒட்டுத்தாள் துண்டுகள். ஏன் கோணல் என்று கேட்டேன். ஓவியங்களை நிற்கிறவர்களின் கண் மட்டத்துக்குத்தான் மாட்டுவார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் வரும். உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், கண்ணாடி போட்ட ஓவியத்தில் மேல் விளக்கு அப்படியே பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். அந்தத் தம்பி காலையிலேயே வந்து, தானே உட்கார்ந்து பார்த்து, கண் கூசாத இடம் கிடைக்கிற வரைக்கும் நாற்காலியை நகர்த்தி, அடையாளம் ஒட்டியிருக்கிறார். கூடத்துக்குள் நாற்காலி போடுவதும் லேசான காரியம் இல்லையாம். அவசர வழியை மறைக்கக் கூடாது, ஓவியத்துக்கு இத்தனை தூரம் விட வேண்டும், பாதுகாப்புப் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்வதற்காக.

அப்பா உட்கார்ந்தார், சாய்ந்தார். என் இரண்டு கையும் காலியாக இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கைகளைக் கட்டிக்கொண்டேன், அப்புறம் பின்னால் கோத்துக்கொண்டேன். பிறகுதான் நானும் ஓவியத்தைப் பார்க்கலாம் என்பது உறைத்தது. அவருக்காகப் போட்ட நாற்காலிதான். ஆனால் நீண்ட காலத்துக்குப் பிறகு நானும் ஒரு இடத்துக்குப் பார்வையாளராக வந்திருந்தேன். அந்தத் தம்பி இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த நேர் நிகழ்ச்சிக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது இணைய வழி நிகழ்ச்சிகள். அப்பா வீட்டை விட்டு நகர முடியாதிருந்த நாட்களில் அவைதான் துணை. ஜூமில் ஒரே ஒரு ஓவியம், ஒரு மணி நேரம். 'ஒரு படத்தை ஒரு மணி நேரமா?' என்று எனக்கே தோன்றியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன் மக்கள் நிற்பது சராசரியாக 27 விநாடிதான் என்று கண்டார்கள். அப்பாவுக்கு ஒரு சொல் வாய்க்கு வரவே சில சமயம் அதைவிட அதிக நேரம் ஆகும்.

பேச்சு போன பிறகு அவரிடம் எல்லோரும் கேட்பது தேர்வுக் கேள்விகளைத்தான். 'இது என்ன சொல்லுங்க? நான் யாரு சொல்லுங்க?' சிகிச்சைக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கத் தேர்வு எழுதுகிற மனிதருக்கு அலுத்துப்போகும். இங்கே கேட்டது வேறு விதம். படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது, இவ்வளவுதான். உளவியலாளர் அபிகேல் ஹவுசன், அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய முறை என்றும், பல அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் இதைப் பின்பற்றுகின்றன என்றும் அப்புறம் தெரிந்துகொண்டேன். இதில் தப்பான பதில் என்று ஒன்று கிடையாது.

அப்படி ஒரு இணைய நிகழ்ச்சியில் திரையில் வந்தது டச்சு ஓவியர் வெர்மீரின் 'நீல உடையில் கடிதம் படிக்கும் பெண்'. 1663 வாக்கில் வரைந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் படங்களை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால் எங்கள் வரவேற்பறை வரை வந்தது. அசல் வெறும் 46.5 செ.மீ. உயரம்தான். பங்கேற்றவர்கள் அந்த நீலத்தைப் பற்றி, பின்னால் தொங்கும் வரைபடத்தைப் பற்றி, கடிதம் யாரிடமிருந்து வந்திருக்கும் என்பதைப் பற்றியெல்லாம் பேசினார்கள். அப்பா கையைத் தூக்கினார். வழிகாட்டி அவர் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, காத்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் திரையிலேயே, வேண்டாம் என்பதுபோல லேசாகக் கையைக் காட்டினார். இன்னும் காத்திருந்தார். யாரும் இடையில் புகவில்லை.

"உக்காரலை," என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பப் பார்த்தோம். உண்மைதான். படத்தில் பித்தளை ஆணி பதித்த நாற்காலிகள் இருக்கின்றன. அந்தப் பெண் உட்காரவில்லை. கடிதத்தை வாங்கி நின்ற இடத்திலேயே படிக்கிறாள். அவ்வளவு நேரம் பேசிய யாரும் அதைச் சொல்லவில்லை. "அவளுக்கு என்ன அவசரமோ!" என்று ஒரு அம்மா சொல்ல, பேச்சு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. அப்பா பேச்சைத் தொடங்கிவைத்து எத்தனை நாளாகிவிட்டது!

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஒலி வரவில்லை என்று நான் தவித்தபோதெல்லாம் அரட்டைப் பெட்டியில் நிதானமாக வழி சொன்னவர். பேச்சை அப்படியே எழுத்தாகத் திரையில் ஓடவிட்டவர்கள். அடுத்த வார ஓவியத்தைப் பெரிய அளவில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பியவர். மின்தூக்கியில் இடம் விட்டு அடுத்த நடைக்குக் காத்திருந்த குடும்பம். அப்பா கைத்தடியை ஓவியத்தை நோக்கி நீட்டியபோது பதறாமல், சிரித்துக்கொண்டே நடுவில் வந்து நின்ற காவலர். பேச்சுப் பயிற்சி அளிக்கும் அக்கா, 'அங்க போங்க, இந்த வாரப் பயிற்சி அதுதான்' என்று சொல்லி அனுப்பியவர். திரையின் சின்னச் சின்னச் சதுரங்களில் மட்டுமே நான் பார்த்திருக்கிற, அப்பா வராத வாரம் விசாரித்த முகங்கள். நடுராத்திரியிலும் போன் எடுத்த நண்பர்கள், உறவுகள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இலவசம் என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் மிச்சம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் அருமை, பாதியில் எழுந்து வந்துவிடலாம் என்பதில்தான் இருக்கிறது. காசு கொடுத்து நுழைந்த இடத்தில் அப்பா பத்தாவது நிமிஷம் 'போலாம்' என்று சைகை காட்டினால் மனசு கணக்குப் போடும். வேறொரு இடத்தில் நோயாளிக்கு மட்டும் சலுகை, கூட வருபவருக்கு முழுச் சீட்டு என்றார்கள். கூட ஆள் இல்லாமல் அவர் எப்படி வருவார் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இங்கே இருவருக்கும் இலவசம், பாதியில் போனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு முறை இணைய நிகழ்ச்சியைப் பாதியில் மூடிவிட்டு, அடுத்த வாரம் தயங்கித் தயங்கி நுழைந்தோம். 'வாங்க வாங்க' என்றதோடு சரி.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் திடீரென்று முளைத்தவை அல்ல. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் (சுருக்கமாக மோமா), மறதிநோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்து ஓவியம் பார்க்கும் 'மீட் மீ அட் மோமா'வை 2006இல் தொடங்கியது. கூட்டமும் சத்தமும் இருக்கக் கூடாது என்று, அப்போது பொதுமக்களுக்கு விடுமுறையாக இருந்த செவ்வாய்க்கிழமையில் நடத்தினார்கள். பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து யோசித்தார்கள் பாருங்கள், அதை நினைத்து நான் வியக்கிறேன். என்னைப் போன்றவர்களை எல்லோரும் 'கூட வந்தவங்க' என்ற ஒரு வார்த்தையோடு கடந்து போய்விடுவார்கள்.

சரி, வெறும் நன்றியோடு நிறுத்த எனக்கு மனமில்லை. இணைய நிகழ்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் தொடங்குவதற்கு முன்னாலேயே திணறிப்போகிறார்கள். ஒலி வராது, படம் தலைகீழாக வரும், இணைப்பைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அரை மணி நேரம் முன்னதாகப் போனில் இருந்து அவர்களை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிற வேலைக்கு நேற்று வெளியே வரும்போதே பெயர் கொடுத்துவிட்டேன். பயிற்சி அடுத்த வாரம் என்றார்கள். அப்பாவும் வருவேன் என்கிறார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. செருப்பு எங்கே என்று மட்டும் சைகையில் கேட்கிறார்.