எங்கள் கடையில் ஃபோல்டருக்குப் படம் வைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய விண்டோஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபோல்டரின் ஐகானை, அதாவது அதன் சின்னப் படத்தை, மாற்றுவதையும் ஃபோல்டருக்குப் பின்னணிப் படம் வைப்பதையும் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். 1999 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் கும்பகோணத்தில் டிடிபி கடை (கணினியில் பக்கம் வடிவமைத்துத் தரும் கடை) வைத்திருந்தவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கடையில் பக்கம் வடிவமைத்தவர், அதற்கு முன் அச்சகத்தில் அச்சுக் கோத்த பெரியவர். ஈய எழுத்துகள் வைத்த கேஸில் எந்தக் குழியில் எந்த எழுத்து கிடக்கிறது என்பது அவர் விரல்களுக்கே தெரியும். ஒரு சந்திப்பிழை அவர் கண்ணில் தப்பாது. ஆனால் ஆங்கிலம் வாசிக்க வராது. விண்டோஸ் 98இலோ யூனிகோடு தமிழ் கிடையாது; அதனால் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. யூனிகோடு தமிழ் விண்டோஸ் 2000இல்தான் வந்தது. ஃபோல்டர் பெயர்கள் தெரியும் எழுத்துருவைத் தமிழ் எழுத்துருவாக மாற்றியும் பார்த்தோம். எங்களிடம் இருந்ததில் ஆங்கில எழுத்தே இல்லாததால், மற்ற எல்லாப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன. அன்று மாலையே பழையபடி வைத்துவிட்டோம்.

அப்போது திரை முழுக்க ஒரே மஞ்சள் நிற ஃபோல்டர்கள். ஒரு நாள் காதணி விழா அழைப்பிதழுக்கு பார்டர் எடுக்கப் போனவர், கண்ணீர் அஞ்சலி ஃபோல்டரைத் திறந்து அதிலிருந்த கறுப்பு பார்டரை வைத்துவிட்டார். புரூஃப் பார்க்க வந்த தாய்மாமன் தாளைக் கையில் வாங்கியதும் பேச்சே இல்லாமல் நின்றார். பெரியவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. “இந்தப் பெட்டி எனக்கு ஒத்துவராது தம்பி” என்று கிளம்பிவிட்டார். அவரை மறுபடி அழைத்து வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில்தான் ஃபோல்டருக்கு ஐகான் வைக்கும் வழியைத் தேடிப் பிடித்தேன்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. ஃபோல்டரின் பிராப்பர்டீஸுக்குப் போய் ஐகானை மாற்றும் வசதி 98இலேயே இருந்ததாகக் கட்டுரை சொல்கிறது. 98இல் அது கிடையாது. அது 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. 98இன் வியூ மெனுவில் இருந்த ‘கஸ்டமைஸ் திஸ் ஃபோல்டர்’, பின்னணிப் படம் வைக்கவும் ஃபோல்டரை வலைப்பக்கம் போல அமைக்கவும் மட்டுமே உதவும். ஐகானுக்கு நாமே நோட்பேடில் சில வரிகள் எழுதி, டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்ற பெயரில் அந்த ஃபோல்டருக்குள் சேமிக்க வேண்டும். எந்த ஐகான் கோப்பு, அதில் எத்தனையாவது படம் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். இதோடு முடிந்தது என்று நினைத்து நானும் ஒரு பகல் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மாறவே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டாஸ் திரைக்குப் போய் ‘அட்ரிப்’ கட்டளையால் அந்த ஃபோல்டருக்கு சிஸ்டம் என்ற குறியீட்டைப் போட்ட பிறகுதான் மாறியது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைந்து தேடினால் கணினி மெதுவாகிவிடும் என்பதால், சிஸ்டம் அல்லது ரீட்-ஒன்லி குறியீடு உள்ள ஃபோல்டர்களில் மட்டுமே விண்டோஸ் அந்தக் கோப்பைத் தேடும்.

ஐகான்களை பெயிண்டில் நானே வரைந்தேன். அகலம் 32, உயரம் 32 புள்ளிகள். பிஎம்பி என்ற படக் கோப்பாகச் சேமித்து, பெயரின் கடைசியில் ஐசிஓ என்று மாற்றினால் போதும், 98 ஏற்றுக்கொள்ளும். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வரையத்தான் ஆசை; அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அது வரவில்லை. பூரண கும்பம் நன்றாக வந்தது. காதணிக்கு ஒரு கம்மல், அஞ்சலிக்கு அகல் விளக்கு. அஞ்சலி ஃபோல்டருக்கு மட்டும் வெளிர் சாம்பல் பின்னணியும் வைத்தேன். தவறித் திறந்தாலும் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும். பின்னணிக்கு வெளிர் நிறம்தான் சரி. அடர்ந்த படம் வைத்தால் கோப்புகளின் பெயர் தெரியாது. அதன் பிறகு அந்தப் பிழை எங்கள் கடையில் நடக்கவே இல்லை. பெரியவர் தன் கேஸில் குழியைத் தேடியது போலவே திரையிலும் கண்ணால் தேடி எடுத்துக்கொண்டார்.

எக்ஸ்பியில் பின்னணிக்கான அந்த மெனு போய்விட்டது. ஆனாலும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐயில் நீளமான ஓர் அடையாள எண்ணோடு படத்தின் இருப்பிடத்தை எழுதினால் வேலை செய்தது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அதுவும் இல்லை. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஐகான் மாற்றும் வசதி மட்டும் இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது.

இந்த வசதியில் ஆபத்தும் இருந்தது, மறைக்க மாட்டேன். 98இல் ஃபோல்டரின் தோற்றத்தைத் தீர்மானித்த எச்டிடி கோப்புகளுக்குள் ரெட்லாஃப் போன்ற வைரஸ்கள் புகுந்தன. எக்ஸ்பி காலத்தில் பென் டிரைவில் மஞ்சள் ஃபோல்டர் படத்தைப் போர்த்திக்கொண்டு இஎக்ஸ்இ கோப்புகள், அதாவது திறந்ததும் ஓடத் தொடங்கும் நிரல்கள், வந்தன. ஃபோல்டர் என்று நம்பி டபுள் கிளிக் செய்தவர்கள் எத்தனையோ பேர். இணையத்திலிருந்து ஐகான் தொகுப்புகளை இறக்காமல் நானே வரைந்தது நல்லதாயிற்று என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். 98 பற்றிய அந்தத் தகவலை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். அப்புறம், ஃபோல்டருக்கு ஐகான் மாற்றுவது எப்படி என்று தமிழில் ஒரு பக்கம் ஒதுக்கிப் படங்களோடு எழுதுங்கள். ஐகானை அதே ஃபோல்டருக்குள் வைத்து, முழு இருப்பிடம் எழுதாமல் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறு கணினிக்கு எடுத்துப் போகும்போது படம் வராது. டெஸ்க்டாப்.ஐஎன்ஐயைக் கண்டதும் வைரஸ் என்று பயந்து அழிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அழித்தால் வைத்த படம் மட்டும்தான் போகும், உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
டிடிபி கடை நடத்திய வாசகர்,
கும்பகோணம்