இண்டெக்ஸைத் தொலைத்த பேக்கப்

அன்பு மச்சான்,

இவ்வளவு நாளும் எழுதாததற்கான ஏச்சை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். இரணைமடுவில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகம் விதைத்தே தீருவேன் என்று அப்பா நிற்கிறார். கட்டையன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை. காரணம் உனக்குத்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வவுனியா நூலகத்து மொங்கோடிபி தரவுத்தளத்துக்கு நீ பேக்கப் எப்படி எடுக்கிறாய்? தரவை எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கிற மொங்கோஎக்ஸ்போர்ட் என்றால் இன்றைக்கே நிறுத்து.

இங்கே ஒரு கடன் சங்கத்தின் சேவர் மின்னலில் அடிபட்டுப் போய்விட்டது. புதுப் பெட்டி வாங்கி, இருந்த பேக்கப்பை ஏற்றினார்கள். அது எக்ஸ்போர்ட் செய்த ஜேசன் கோப்பு. திறந்தால் கண்ணால் வாசிக்கலாம், அதனால் நம்பிக்கையாம். பதிவுகளின் எண்ணிக்கை சரி, ஆளுக்கொரு பிளேன்டீயும் குடித்தாயிற்று. பிறகு தேடல் ஊரத் தொடங்கியது. புதுப் பெட்டிதான் பிழை என்று அதை விற்றவரோடு சண்டைக்குப் போயிருக்கிறார்கள், பகிடியைப் பார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், தேடலை விரைவாக்குகிற இண்டெக்ஸ்களில், மொங்கோ தானாகவே போடுகிற ஐடி இண்டெக்ஸைத் தவிர வேறொன்றும் இல்லை.

எக்ஸ்போர்ட் தரவை மட்டும்தான் தரும். பேக்கப் எடுக்கிற மொங்கோடம்ப் கருவி அப்படியல்ல, பதிவுகளின் தொகுப்பான ஒவ்வொரு கலெக்‌ஷனுக்கும் தரவுள்ள பீசன் கோப்போடு மெட்டாடேட்டா ஜேசன் என்று ஒரு சின்னக் கோப்பையும் வைக்கும். இண்டெக்ஸ்களின் வரையறை அதற்குள்தான் கிடக்கிறது. இண்டெக்ஸ் அப்படியே பெயர்ந்து வராது. டம்பைத் திரும்ப ஏற்றுகிற மொங்கோரிஸ்டோர், தரவை ஏற்றியபின் வரையறையைப் பார்த்துப் புதிதாகக் கட்டும், பெரிய கலெக்‌ஷன் என்றால் நேரம் எடுக்கும். அதைப் பொறுக்காதவர்கள் நோஇண்டெக்ஸ்ரிஸ்டோர் என்ற தெரிவைப் போட்டு ஏற்றிவிட்டு, பிறகு கட்டவேண்டும் என்பதை மறந்துபோவார்கள். பென்டிரைவில் பீசனை மட்டும் போட்டு அந்தச் சின்னக் கோப்பை விட்டுவிட்டாலும் இதே கதிதான்.

வேகம் போனதைப்பற்றி எனக்குக் கவலையில்லை, மச்சான். அங்கத்துவ இலக்கத்தில் யூனிக் இண்டெக்ஸ் ஒன்று இருந்தது. அது போனபின் ஒரே இலக்கத்தை இரண்டாம் முறை ஏற்றினாலும் தடுக்க ஆளில்லை. ஏற்றியும் இருக்கிறார்கள். இப்போது அந்த இண்டெக்ஸைத் திரும்பப் போடப்போனால் டூப்ளிகேட் கீ என்று மொங்கோ மறுக்கிறது. முதலில் இரட்டைகளைக் களையவேண்டும். ஒரு பதிவில் கடன் கட்டி முடிந்திருக்கிறது, மற்றதில் நிலுவை. எதை அழிப்பது? முள்ளியவளைப் பக்கத்து அம்மா ஒருவர் பற்றுச்சீட்டுகளைச் சொப்பிங் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டினார். மொங்கோடிபி முதன்முதல் வெளியானது 2009இல். அந்த வருஷம் எங்கள் சனம் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் கட்டிக்கொண்டு ஓடி, வழியில் அதையும் தொலைத்தது. அப்படிப்பட்டவர்களிடம் “கணினி வேறு மாதிரிச் சொல்கிறது அம்மா” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன்னிடம் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியர் பெயர்களுக்காக அந்தக் கலெக்‌ஷனுக்கே தமிழ் அகரவரிசைப்படி அடுக்குகிற கொலேஷன் வைத்தாய் அல்லவா? அதுவும் அதே மெட்டாடேட்டாவில்தான் இருக்கிறது. ஜேசனை வெறும் கலெக்‌ஷனில் இம்போர்ட் செய்தால் யூனிகோட் இலக்கப்படிதான் வரிசை வரும்: ‘ன’ போய் ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் குந்தும், ‘ற’ ‘ர’வோடு ஒட்டிக்கொள்ளும், ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வை முந்தும். மொட்டை மாஸ்டர் கண்டால் உன்னை இந்த வயதிலும் முழங்காலில் விடுவார். இருக்கிற கலெக்‌ஷனில் கொலேஷனைப் பிறகு மாற்றவும் முடியாது, புதிதாக உருவாக்கித்தான் ஆகவேண்டும்.

ஆகவே டம்ப் எடு. எடுத்ததை வேறு பெயரில் ஒரு தரவுத்தளமாக ரிஸ்டோர் செய்து, இரண்டு பக்கமும் இண்டெக்ஸ்களைப் பட்டியலிடுகிற கெட்இண்டெக்ஸஸ் கட்டளையை அடித்து ஒப்பிடு. பதிவை எண்ணிப் பார்த்தேன் என்று எனக்குக் கதை விடாதே, சங்கத்திலும் எண்ணித்தான் பார்த்தார்கள். வந்த பட்டியலை எனக்கு அனுப்பு. முல்லைத்தீவுக் கருவாடு வேண்டுமென்றால் அதையும் சேர்த்து எழுது. மணக்கிறது என்று உன் ஆள் ஏசினால் நான் பொறுப்பில்லை.

உன்,
கிளிநொச்சிக்காரன்