கடல் கதையைக் கரை சேர்த்தவர்களுக்கு ஊத்தங்கரையிலிருந்து நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்போடு சேர்ந்து வாசித்த அந்தக் கடல் சாகச நாவலை ஒருவழியாக முடித்துவிட்டோம். படகு கவிழ்ந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கும் 13 வயதுப் பெண்ணின் கதை. எங்கள் பிள்ளைகளில் கடலை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் இது வேண்டாம், வேறு எடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. எடுக்கச் சொன்னவர்களுக்கும், எடுத்த பிறகு பாதியில் விடாமல் கூடவே வந்தவர்களுக்கும்தான் இந்த மடல்.

முதல் நன்றி சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசிய நம் ஆசிரியர் வட்டத்துக்கு. சொற்களை என்ன செய்வது என்பதில் எவ்வளவு சண்டை! அணியம், சுக்கான், நங்கூரம், நீவாடு (கடல் நீரோட்டம்) எல்லாவற்றையும் முதலிலேயே கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிவிடலாம் என்பது ஒரு கட்சி, ஒன்றுமே சொல்லவேண்டாம் என்பது இன்னொரு கட்சி. எந்தச் சொல் தெரியாவிட்டால் கதை நகராதோ அதை மட்டும் முன்னாடி சொல்வோம், மற்றதை அவர்களே ஊகிக்கட்டும் என்று முடித்துவைத்த காரிமங்கலம் டீச்சர் பக்கம்தான் நான். சுக்கான் இல்லாமல் படகைத் திருப்ப முடியாது என்று தெரியாத பிள்ளைக்கு, சுக்கான் உடையும் அத்தியாயத்தில் பயம் எங்கிருந்து வரும்? அணியம் அப்படியில்லை. அந்தப் பெண் அங்கே போய் உட்கார்ந்து எதிரே கரை தெரிகிறதா என்று பார்க்கும்போதே படகின் முன்பக்கம் என்று புரிந்துவிடுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து மாறுதலில் வந்த தமிழாசிரியருக்கு நன்றி. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று பாட்டில் மட்டும் படித்திருந்ததை, எந்தக் காற்றில் எப்படிப் பாயைத் திருப்புவார்கள் என்று ஒரு சால்வையைப் பிடித்துக் காட்டினார். அப்புறம் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் ஒரு மாணவனின் பெரியப்பா. வட்டமாக இருக்கும் பரிசலுக்கு அணியமும் கிடையாது, சுக்கானும் கிடையாது. "துடுப்பு போடுற பக்கம்தான் எங்களுக்கு முன்பக்கம்" என்று அவர் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

சுற்றிலும் தண்ணீர் இருக்க அவள் ஏன் தாகத்தில் தவிக்கிறாள் என்ற கேள்வியை அறிவியல் சாரிடம் தள்ளிவிட்டேன். அவர் 35 கிராம் உப்பை எடை போட்டு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். நம் சிறுநீரகத்தால் கடல்நீரைவிட உப்பான சிறுநீரை உண்டாக்க முடியாது, அதனால் குடித்த உப்பை வெளியேற்ற உடம்பிலிருக்கும் தண்ணீரும் சேர்ந்து போய்விடும், குடிக்கக் குடிக்கத் தாகம்தான் ஏறும் என்று விளக்கினார். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பெரிய கவலை புயல் அத்தியாயம்தான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்த பிறகும் உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிவிட்டுப் போனதே, பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகள் காகிதக் கப்பல் மாதிரி அடித்துக்கொண்டு போனதே, அதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். 'உங்கள் வாழ்க்கையில் இதுபோல் நடந்ததா' என்று கேட்கத்தான் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். கேட்கவேண்டாம், வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள், சொல்ல வருகிறவர்கள் சொல்லட்டும் என்று தடுத்த அரூர் டீச்சருக்குத் தனியாக நன்றி. சிலர் சொன்னார்கள். சிலர் படம் வரைந்து கொடுத்தார்கள். ஒரு பெண் மழையை விட்டுவிட்டு, பெங்களூரில் கட்டட வேலையிலிருந்த அப்பாவுக்கு அன்றைக்கு போன் கிடைக்காமல் போனதைப் பற்றிப் பேசினாள். தீவில் தனியாக இருக்கும் பெண்ணோடு அவளுக்கு ஒட்டிய இடம் அது, நான் யோசித்தே பார்த்திராத இடம்.

நூலக வேளையோடு இன்னொரு பாடவேளையும் சேர்த்துக் கொடுத்த தலைமையாசிரியருக்கும், பிரதிகள் வாங்கப் பணம் போட்ட முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி. புத்தகங்கள் அடுத்து அரூருக்குப் போகின்றன. வீட்டுக்கு எடுத்துப்போன பெற்றோர்கள் யாராவது இன்னும் வைத்திருந்தால், சரி, நிதானமாக முடித்துவிட்டே கொடுங்கள், ஆனால் கொடுத்துவிடுங்கள்.